வெள்ளை அணு 2.1: என்ன சாப்பிட்டால் ஏறும் என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அம்மாவுக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ நடக்கிறது. நான்காவது கீமோவுக்காகச் சுங்கை சிப்புட்டிலிருந்து இருட்டோடு கிளம்பி ஈப்போ போனீர்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளை அணு 2.1தான் இருக்கிறது, அடுத்த செவ்வாய்க்கிழமை வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். தோட்டத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள்: பப்பாளி இலைச் சாறு, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), பச்சை முட்டை. என்ன சாப்பிட்டால் வெள்ளை அணு ஏறும் என்று கேட்கிறீர்கள். வீட்டில் கோழியும் மாடும் இருப்பதையும், அடுத்த மாதம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வருவதையும் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாலும், உங்கள் மனதில் ஓடுவது வேறு என்று நினைக்கிறேன். கீமோ தள்ளிப்போனதால் நோய் திரும்பிவிடுமா, இந்த ஒரு வாரத்தில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா, நாம் எதையாவது தவறாகச் செய்துகொண்டிருக்கிறோமா? அந்த வரிசையிலேயே சொல்கிறேன். சாப்பாட்டுக்கும் வருகிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் கீமோ பகுதியில் 22 ஆண்டுகள் தாதியாக இருந்தவள் நான். ஊசி போட்ட கை, ரத்த அறிக்கையைப் படித்துப் பழகிய கண். மருத்துவர் அல்ல. அம்மாவின் கோப்பை நான் பார்க்கவில்லை, எந்த மருந்து ஓடுகிறது என்றும் நீங்கள் எழுதவில்லை. எனவே மருந்தின் அளவு, அடுத்த நாள், ஊசி தேவையா என்பதெல்லாம் அவரைப் பார்க்கும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. வீட்டில் என்ன செய்வது என்பதை நான் தயங்காமல் சொல்லலாம்.

முதலில் அந்த 2.1. அப்படி எழுதியிருந்தால், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 2,100 வெள்ளை அணுக்கள் என்று பொருள். பெரியவர்களுக்குப் பொதுவாக 4,000 முதல் 11,000 வரை இருக்கும். ஆனால் கீமோ பகுதியில் இந்த எண்ணை நாங்கள் ஓரக்கண்ணால்தான் பார்ப்போம். எங்கள் கண் தேடுவது அதற்குச் சில வரிகள் கீழே இருக்கும் நியூட்ரோஃபிலை. வெள்ளை அணுக்களில் ஐந்து வகை உண்டு. பாக்டீரியாவோ பூஞ்சையோ உடம்புக்குள் நுழைந்தால் முதல் ஆளாக ஓடிப்போய் விழுங்குவது நியூட்ரோஃபில். நீங்கள் எழுதிய அறிக்கையில் அது 38 விழுக்காடு. 2,100இல் 38 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 800. இந்த 800தான் அம்மாவின் கணக்கு. 1,500க்குக் கீழே போனால் குறைவு என்போம். 500க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டிய கடுமையான குறைவு. பல மையங்களில் 1,500 இருந்தால்தான் அடுத்த கீமோவை ஏற்றுவார்கள். சில இடங்களில் மருந்தைப் பொறுத்து 1,000 இருந்தாலும் ஏற்றுவார்கள். அம்மா இரண்டுக்கும் கீழே இருந்திருக்கிறார். திருப்பி அனுப்பியவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

ஏன் குறைந்தது? கீமோ மருந்து வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தேடித் தாக்கும். புற்றுநோய்ச் செல் அப்படிப் பெருகுவது. தலைமுடி வேரும், வாயின் உட்புறத் தோலும், ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான். மஜ்ஜையில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி என்ற அளவில் நியூட்ரோஃபில் உற்பத்தியாகிறது. ரத்தத்துக்கு வந்தபின் அதன் ஆயுள் மிகக் குறைவு, ஏறக்குறைய ஒரு நாள்தான். சிவப்பணு 120 நாள் தாங்கும், அதனால் உற்பத்தி நின்றாலும் உடனே தெரியாது. நியூட்ரோஃபில் அன்றாடம் காய்ச்சி. ஆலை ஒரு வாரம் படுத்தால் கடையில் சரக்கு இருக்காது. கீமோ ஏறிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் பெரும்பாலான மருந்துகளில் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் ஏறிவிடும். அம்மாவுக்கு 21ஆம் நாளில் 800 இருந்தது என்றால், மஜ்ஜை எழுந்து வருகிறது, ஆனால் மெதுவாக வருகிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். அவர் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஓய்வு கொடுக்காமல் தினமும் வெட்டினால் மரத்தில் பால் காய்ந்துவிடும் அல்லவா, இந்த ஒரு வாரம் மரத்துக்கு விட்ட ஓய்வு. வழியெல்லாம் அழுதவருக்கு என் எண்களைவிட இது சீக்கிரம் புரியும்.

வெள்ளை அணு குறைந்ததால் நோய் திரும்புகிறது என்று பொருள் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இது மருந்தின் விளைவு. "எண்ணிக்கை குறைந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. அப்படி ஒரு தொடர்பு இருக்கலாம் என்று பேசும் ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் அதை வைத்து ஒரு தனி மனிதரின் பலனைக் கணிக்க முடியாது. அந்த ஆறுதலும் வேண்டாம், அந்தப் பயமும் வேண்டாம். ஒரு வாரத் தாமதம் கீமோ பகுதியில் அன்றாடம் நடப்பது. திரும்பத் திரும்பத் தள்ளிப்போவதையும், மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டே போவதையும்தான், குணமாக்கும் நோக்கத்தோடு தரப்படும் சிகிச்சையில் மருத்துவர்கள் தவிர்க்கப் பார்ப்பார்கள். அதனால் அடுத்த முறை மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, மஜ்ஜையைத் தூண்டும் ஊசி அம்மாவுக்குத் தேவையா என்பதை.

அந்த ஊசியின் பெயர் ஃபில்கிராஸ்டிம். அமெரிக்காவில் 1991இல் அனுமதி பெற்றது, இப்போது பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. கீமோ முடிந்து 24 மணி நேரமாவது கழிந்த பிறகு, வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் தினமும் ஒன்றாகச் சில நாள் போடுவார்கள். பெக்ஃபில்கிராஸ்டிம் என்ற நீண்ட நாள் வேலை செய்யும் வகை, ஒரு கீமோவுக்கு ஒரே ஊசி. எண்ணிக்கையை ஏற்றும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மருந்து இதுதான். எல்லாருக்கும் இது தேவைப்படாது. வயது, மருந்து, முன்பு காய்ச்சல் வந்ததா என்பதையெல்லாம் பார்த்து முடிவு செய்வார்கள். போட்டால் இடுப்பெலும்பும் முதுகும் குடைகிற மாதிரி வலிக்கலாம். மஜ்ஜை வேலை செய்கிற வலி அது. இடது விலாவுக்குக் கீழே திடீரென்று கடுமையாக வலித்தால் மட்டும் உடனே சொல்ல வேண்டும், அது மண்ணீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். ஊசியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பனிக்கட்டி அறையில் வைத்து உறையவிட்டால் வீண். ஈப்போவிலிருந்து கொண்டுவரும்போது ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஆனால் ஊசி ஐஸைத் தொடக் கூடாது, நடுவில் ஒரு துணி போடுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் வைத்துவிட்டு நாசி லெமாக் வாங்க இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசி போட உங்களுக்குக் கை நடுங்கினால் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) கேளுங்கள்.

இதோடு ஒரு சின்ன எச்சரிக்கை. வாந்தி வராமல் இருக்கக் கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வெள்ளை அணு எண்ணிக்கையைத் தற்காலிகமாக உயர்த்திக் காட்டும். அந்த நாள்களில் எடுத்த ரத்தத்தைப் பார்த்து, "சாறு குடித்தேன், ஏறிவிட்டது" என்று சொன்னவர்கள் பலர். ஏற்றியது மாத்திரை, பெயர் வாங்கியது பப்பாளி.

இனிதான் நான் சொல்ல வந்தது. அந்த எண்ணைவிட அம்மாவின் காய்ச்சல்தான் பெரிய விஷயம். 800ஐ 1,500 ஆக்க உங்கள் சமையலறையால் முடியாது, நேரம்தான் ஆக்கும். ஆனால் எண்ணிக்கை குறைந்திருக்கும் நாள்களில் காய்ச்சல் வந்தால் ஓர் இரவு தாமதித்தாலே உயிருக்கு ஆபத்து. நியூட்ரோஃபில் இல்லாத உடம்பில் கிருமி நுழைந்தால் வழக்கமான அடையாளம் எதுவும் தெரியாது. சீழ் பிடிக்காது, ஏனென்றால் சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்தான். புண் சிவந்து வீங்காது. நுரையீரலில் நோய் இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாக வரலாம். உடம்பு காட்டும் ஒரே கொடி பல நேரங்களில் காய்ச்சல் மட்டும்தான்.

இதை நான் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தது, அப்போது பொது வார்டில் இருந்தேன். என் அண்ணிக்குக் கீமோ ஏறி பத்தாவது நாள். தோட்டத்து வீட்டிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டு, உடம்பு சுடுகிறது என்றார். நானேதான் சொன்னேன்: "இரண்டு பனடோல் கொடுங்கள் அண்ணா, காலையில் பார்ப்போம்." பனடோல் (பாராசிட்டமால்) வேலை செய்தது, அதுதான் வினை. காய்ச்சல் இறங்கியது, அண்ணி வியர்த்துத் தூங்கினார். விடியற்காலையில் குளிர் நடுக்கம். மறுபடி பனடோல். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது வாசலில் வைத்துப் பார்த்த வெப்பம் 37.1. கீமோ நோயாளி என்று அண்ணன் சொல்லவில்லை, அங்கிருந்தவரும் கேட்கவில்லை. காய்ச்சல் இல்லை என்று அவசரம் இல்லாதவர்களுக்கான பச்சை மண்டலத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து நாற்காலியிலிருந்து சரிந்தபோதுதான் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள். சிவப்பு மண்டலம், அங்கிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவு. பிழைத்துக்கொண்டார். அந்த மருத்துவமனையின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் முதல் தவறு ஒன்பது மணிக்கு என் வாயிலிருந்து வந்தது. சில மாதம் கழித்துக் கீமோ பகுதிக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

எனவே இன்றைக்கே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள், ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவுதான். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. சூடான தேநீர் குடித்திருந்தால் அரை மணி நேரம் விட்டு வாயில் வையுங்கள். வாய்ப்புண் இருந்தால் அக்குளில் வைக்கலாம், ஆனால் அங்கே அரை டிகிரி அளவுக்குக் குறைத்துக் காட்டும் என்பதை மனதில் வையுங்கள். ஆசனவாயில் வைக்கவே கூடாது. எனிமாவும், அங்கே வைக்கும் மாத்திரையும் கூடாது. உடம்பு சரியில்லை என்று அம்மா சொன்னால் முதலில் தெர்மாமீட்டர், பிறகுதான் எந்த மாத்திரையும். ஊசி வலிக்குப் பனடோல் கொடுக்கும்போதும் இதே முறைதான். 38.0 காட்டினால் மருத்துவமனை. அதைத் தொடாவிட்டாலும் குளிர் நடுக்கம், தலைசுற்றல், மூச்சு வாங்குதல், வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் இருந்தால் அப்போதும் மருத்துவமனை. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் காய்ச்சலே வராமல் கிருமி பரவுவது உண்டு.

எந்த மருத்துவமனை என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் தடுமாறுகிறார்கள். "அம்மாவின் கோப்பு ஈப்போவில் இருக்கிறது, அங்கேதான் போக வேண்டும்" என்று நினைத்து, கார் கேட்டு, ஆள் தேடி, மணிக்கணக்கை விடுகிறார்கள். கீமோ ஏறிய உடம்புக்குக் காய்ச்சல் என்றால் முதல் நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாட்டிக்) ஊசி மருத்துவமனை வாசலைத் தொட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. அந்த முதல் ஊசிக்குப் புற்றுநோய் நிபுணர் தேவையில்லை. ரத்தம் எடுத்து, அதில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, அந்த ஊசியை மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவிலேயே போட முடியும். அங்கிருந்து அவர்களே ஈப்போவுக்கு அனுப்புவார்கள். பகலில் கார் இருந்து, சாலையும் காலியாக இருந்தால் நேரே ஈப்போ போகலாம், அரை மணி நேரம்தான். இரவு இரண்டு மணிக்கு, செம்பனைக் காட்டுக்குள் மழையில் கார் இல்லாமல் நின்றால் 999, இல்லாவிட்டால் கிட்டத்து மருத்துவமனை. இதை அடுத்த முறை மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்துவிடுங்கள். யாருடைய கார், யார் ஓட்டுவது, பெரியப்பா மகனா, மண்டோர் (கங்காணி) வீட்டுப் பையனா என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். மண்டோர் வீட்டுப் பையன் இரவு வேலைக்குப் போகிறவனாக இருந்தால் இன்னொருவரையும் பிடித்து வையுங்கள்.

அவசரப் பிரிவில் முதலில் பேசுகிறவர் தமிழ் தெரிந்தவராக இருக்க மாட்டார். அம்மாவே தனியாகப் போனாலும் சொல்லத் தெரிய வேண்டிய வாக்கியம் இது: "சாயா பெசாக்கிட் கீமோ. டெமாம். செல் டாரா பூத்தே ரெண்டா." நான் கீமோ நோயாளி, காய்ச்சல், வெள்ளை அணு குறைவு. கடைசியாகக் கீமோ ஏறிய தேதி, மருந்தின் பெயர், கடைசி ரத்த அறிக்கை, பனடோல் சாப்பிட்டிருந்தால் எத்தனை மணிக்கு என்பது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு ஒரே பையில் வையுங்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் நாட்டில் காய்ச்சல் என்றாலே டெங்கி ஞாபகம் வரும். டெங்கியும் வெள்ளை அணுவைக் குறைக்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுவையும் குறைக்கும்; கீமோவும் அதையேதான் செய்யும். தாளை மட்டும் பார்த்து இது எது என்று பிரிக்க முடியாது, தனிச் சோதனை வேண்டும். எலிக்காய்ச்சல் செம்பனைத் தோட்டங்களில் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வரும். மெலியோயிடோசிஸ் என்ற ஒன்று மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் கிருமியால் வருவது. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களை அதிகம் பிடிக்கும். எனவே தோட்டத்தில் இருக்கிறோம், மண்ணில் வேலை செய்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மாவுக்கு இனிப்பு நீர் இருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். காய்ச்சலுக்கு அஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், ரத்தக் கசிவுக்கு வழி செய்யும்.

இப்போது சாப்பாடு. "ரத்தம் பத்தவில்லை" என்று மருத்துவமனையில் சொன்னதைத் தோட்டத்தில் எல்லாரும் சிவப்பணுக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் சுவரொட்டியும் ஆட்டு ஈரலும் வருகின்றன. அவற்றில் இரும்புச் சத்து நிறைய, இரும்பு சிவப்பணுவுக்கு. கீமோ படுக்கவைத்த மஜ்ஜையை எழுப்பி நியூட்ரோஃபிலை ஏற்றும் உணவு என்று எதுவும் இல்லை. அம்மாவுக்குச் சுவரொட்டி பிடிக்கும் என்றால் உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள், புரதம் உடம்புக்கு நல்லதுதான். பச்சை முட்டை வேண்டவே வேண்டாம். கோப்பிக் கடையில் சோயா சாஸும் மிளகுத்தூளும் தூவித் தரும் அரைவேக்காட்டு முட்டையும் இப்போதைக்கு வேண்டாம். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை அவித்த முட்டை நாளுக்கு இரண்டு சாப்பிட்டால் நான் கை தட்டுவேன்.

பப்பாளி இலையைப் பற்றிச் சொன்னால் என்மேல் கோபப்படுவீர்கள். அது வெறும் கட்டுக்கதை இல்லை. நம் மலேசியாவிலேயே அந்தச் சாற்றை டெங்கி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தட்டணு ஏறியதாக 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் அது டெங்கி, அது தட்டணு. கீமோவால் குறைந்த நியூட்ரோஃபிலுக்கு அதைக் கொண்டுவந்து ஒட்ட முடியாது. இன்னொன்று, கொல்லையில் பறித்த இலையைப் பச்சையாக அரைத்துப் பிழியும்போது இலையில் இருக்கும் கிருமியும் சேர்ந்தே இறங்குகிறது. கீமோ மருந்தைச் சுத்திகரிக்கும் ஈரலுக்குத் தெரியாத சரக்கை இந்த நேரத்தில் கொடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. குழம்பில் போடும் மஞ்சள், ரசத்தில் போடும் மிளகு பூண்டு இதெல்லாம் சாப்பாடு, தாராளமாகப் போடுங்கள். மஞ்சளை மாத்திரையாக்கி, போத்தலில் அடைத்து, நேரடி விற்பனைக்காரர் வீடு தேடி வந்து, "கீமோ நோயாளிகளுக்கே தயாரித்தது" என்று சில நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விற்பார். வாசலிலேயே தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அம்மா ஏற்கெனவே எதையாவது குடித்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

பச்சைக் காய்கறியே கூடாது, பழமே கூடாது என்று கடுமையான பத்தியம் வைத்த காலம் ஒன்று இருந்தது. நாங்களும் வார்டில் அப்படித்தான் நடத்தினோம். பிறகு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், அந்தப் பத்தியத்தால் தொற்று குறைந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. பசியின்மையும் மெலிவும்தான் மிச்சம். இன்றும் சில மையங்கள் அதைச் சொல்லும், அம்மாவின் மையம் சொன்னால் அதைக் கேளுங்கள். என் கணக்கில் சுத்தம் போதும். பழத்தை ஓடும் நீரில் கழுவி, தோலை உரித்து, வீட்டிலேயே நறுக்கியது நல்லது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஈ மொய்க்க நறுக்கி வைத்த பழமும் ரோஜாக்கும் வேண்டாம். சமைத்தது சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும், மிச்சத்தை உடனே குளிரில் வைத்து மறுநாள் கொதிக்கச் சுடவைக்க வேண்டும். இரவெல்லாம் ஊறிய பழைய சோறு அம்மாவுக்கு உயிர் என்றாலும் சிகிச்சை முடியட்டும். வீட்டு மாட்டுப் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் வாயில் வைக்கக் கூடாது. தோசை, இட்லி பிரச்சினையே இல்லை. மாவு புளித்தாலும் அடுப்பைத் தாண்டித்தானே வருகிறது.

கோழியையும் மாட்டையும் விற்க வேண்டாம். அம்மா கூண்டைக் கூட்டக் கூடாது, சாணி அள்ளக் கூடாது, வெறுங்காலோடு கொல்லைச் சேற்றில் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். அவர் சும்மா உட்கார மாட்டார் என்று எனக்குத் தெரியும். தோட்டத்துப் பெண்கள் யாரும் உட்கார மாட்டார்கள். முறத்தைக் கையிலிருந்து வாங்கி வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள், கத்தி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். அவர் உடம்பில் இருக்கும் கிருமியிலிருந்துதான் பாதித் தொல்லை வருகிறது. எனவே மென்மையான பிரஷ், சாப்பிட்ட பிறகு ஒரு குவளை கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்பும் சமையல் சோடாவும் கலந்து வாய் கொப்பளிப்பு, மலச்சிக்கல் வராமல் தண்ணீர். வீட்டுக்குள் நுழைகிறவர் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பேரப்பிள்ளையை மடியில் வைக்கலாம், கொஞ்சலாம். சளி, அம்மை உள்ள பிள்ளை மட்டும் வேண்டாம். வீட்டில் உள்ள மற்றவர்கள் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அம்மாவுக்கும் அது காவல். அம்மா எந்த ஊசி போடலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் இந்தக் காலத்தில் அவருக்கு ஆகாது. அம்மாவைத் தனி அறையில் பூட்டி, தட்டைக் கதவுக்கு வெளியே வைக்கும் வீடுகளும் உண்டு. அது எந்தக் கிருமியையும் தடுப்பதில்லை.

திருவிழா. வேண்டுதல் இருக்கும், தெரியும். அடுத்த கீமோ செவ்வாய்க்கிழமை ஏறினால், அதிலிருந்து 7ஆம் நாளையும் 14ஆம் நாளையும் நாட்காட்டியில் வட்டமிடுங்கள். தேர் நாள் அந்த இடைவெளியில் விழுந்தால் கூட்டத்துக்குள் போக வேண்டாம். அதற்கு முந்திய நாள் விடியற்காலையில், கோவில் காலியாக இருக்கும்போது கூட்டிப்போங்கள், அம்மன் அப்போதும் அங்கேதான் இருப்பாள். திருநீறு நெற்றிக்குப் போதும், வாயில் போட வேண்டாம். தீர்த்தத்தைக் கையில் வாங்கித் தலையில் தெளித்துக்கொள்ளட்டும், குடிக்க வேண்டாம். தீமிதி, அலகு இந்த ஆண்டு கிடையாது. வேண்டுதலை உங்கள் பேரில் மாற்றிக்கொள்ளப் பூசாரியிடம் பேசுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார். அன்னதானத்தில் கொதிக்கக் கொதிக்கப் பரிமாறும் முதல் பந்தி சரி. மதியம் மூன்று மணிக்கு அண்டாவின் அடியில் இருப்பது வேண்டாம்.

கீமோ எல்லாம் முடிந்த பிறகு எண்ணிக்கை எப்போது பழையபடி ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். நியூட்ரோஃபில் பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடும். லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வகை பல மாதம் எடுக்கும், கதிர்வீச்சும் கொடுத்தால் இன்னும் கொஞ்சம். மொத்த எண் 3,500இல் நின்று அம்மா நன்றாக இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். மாதங்கள் கழிந்தும் குறைந்துகொண்டே போனாலோ, சிவப்பணுவும் தட்டணுவும் சேர்ந்து இறங்கினாலோ, அதைக் கீமோவின் மிச்சம் என்று விட்டுவிடக் கூடாது. பி12, ஃபோலேட் குறைவு, வேறு மாத்திரைகள், ஈரல், மண்ணீரல் என்று தேட வேண்டிய இடங்கள் இருக்கின்றன. மிக அரிதாக மஜ்ஜையே கெட்டுப்போயிருக்கலாம், அதையும் பார்ப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுத்ததும் அறிக்கையின் ஒரு படியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் அம்மாவின் ரத்தம். எண் என்ன வந்தது என்று எழுதுங்கள். நியூட்ரோஃபில் வரியையும் சேர்த்து எழுதுங்கள்.